டாக்டர் பெயர் வைத்த தோல், எலும்பு நோய்கள்: தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரித் தாளில் எவை இருக்க வேண்டும்?

கொழுந்துமலை எழுதியது:

சுகாதாரத் தொண்டர்களுக்குக் கொடுக்க நாலு பக்கத் தாள் ஒன்று தயாராகிறது. கிளினிக் கொப்பியில் டாக்டர்மார் எழுதும் ஆட்பெயர் நோய்களில் தோலும் எலும்பும் சம்பந்தப்பட்டவை மட்டும். இப்போதைய பட்டியல்: ஹான்சன், போட், பேஜெட், கோலிஸ், டி கெர்வான், பெர்த்தஸ், ரெக்லிங்ஹவுசன், ஷார்கோ, மார்ஜொலான். எப்படி இருக்கும், என்ன செய்யக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் சில வரிகள். எதை வெட்டலாம், எது விடுபட்டது? ஹற்றன், டிக்கோயா, பதுளைப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே அறை எழுதியது:

பேஜெட்டில் இருந்து தொடங்குவோம், குழப்பம் அங்கேதான் அதிகம். லண்டன் சத்திர சிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் பேஜெட், மார்புக் காம்பில் வரும் ஒரு புண்ணை 15 பெண்களிடம் கண்டு 1874இல் எழுதினார். எலும்பு தடித்து வளையும் வேறொரு நோயை 1877இல் எழுதினார். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கொப்பியில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

எலும்பு பேஜெட்டில் பழைய எலும்பு வேகமாகக் கரையும், புதியது தாறுமாறாகக் கட்டும். இடுப்பு, தொடை, முள்ளந்தண்டு, மண்டையோடு ஆகியவற்றில்தான் அதிகம். பேஜெட் விவரித்த முதல் நோயாளிக்கு வருடா வருடம் பெரிய தொப்பி வாங்க வேண்டியிருந்தது. இரத்தத்தில் அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறியிருக்கும். எலும்பு கரைவதைத் தடுக்கும் சொலிட்ரோனிக் அமிலம் 5 மி.கி. ஒரே தடவை நாளத்தில் ஏற்றினால் பல வருடம் அடங்கிக் கிடக்கும். ஏற்றுவதற்கு முன் கல்சியமும் விட்டமின் டியும் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்சியம் சட்டென்று இறங்கும். பிரித்தானிய வம்சாவளியினரிடம் அதிகமாக வருகிற நோய் இது, நம்மவர்களிடம் மிக அபூர்வம். தாளில் ஒரு வரி போதும்.

தோல் கிளினிக் எழுதியது:

ஆமாம், ஆனால் மார்பு பேஜெட்டுக்கு முழுப் பந்தி வேண்டும். "காம்பில் சொறி" என்று வரும் பெண்ணுக்கு ஸ்டீரொயிட் கிரீம் கொடுத்து அனுப்புவது எங்கும் நடக்கிறது. பார்க்க வேண்டியவை இவை: சாதாரண கரப்பான் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் தொடங்கும். பேஜெட் ஒரு பக்கம்தான், காம்பிலேயே தொடங்கி வெளியே பரவும். சிவப்பு, செதில், கசிவு, சில நேரம் இரத்தம். பிறகு காம்பு தட்டையாகும் அல்லது உள்ளே இழுக்கும். கிரீம் பூசினால் கொஞ்சம் மங்கி, திரும்ப வரும். அந்த மங்கல்தான் ஆளை ஏமாற்றுவது. இரண்டு வாரத்தில் முழுதாக ஆறாவிட்டால் கிரீமை மாற்றிக்கொண்டிருக்காமல் சத்திர சிகிச்சை கிளினிக்குக்கு அனுப்புங்கள். கட்டி கையில் தட்டுப்படாவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு உள்ளே புற்றுநோய் இருக்கும். மமோகிராமும் தோல் துண்டுப் பரிசோதனையும் வேண்டும்.

அனுப்பும் துண்டில் "பேஜெட்" என்று மட்டும் எழுதாதீர்கள். இடது காம்பு, எத்தனை வாரம், என்ன பூசினார் என்று எழுதுங்கள்.

நானுஓயா எழுதியது:

ரெக்லிங்ஹவுசனிலும் இதே சிக்கல்தான். ஸ்ட்ராஸ்பேர்க்கில் இருந்த அவர் 1882இல் நரம்புக் கட்டிகள் நிறைந்த தோல் நோயை எழுதினார், 1891இல் எலும்பில் ஓட்டை விழும் நோயை எழுதினார். இரண்டாவது பாராதைரொயிட் சுரப்பி கூடுதலாக வேலை செய்வதால் வருவது. இப்போது முதலாவதை நியூரோபைப்ரோமட்டோசிஸ் என்றே எழுதுகிறார்கள், அப்படியே பழக்கலாம். தொண்டர்களுக்கு வேண்டியது ஒன்று: பால் தேநீர் நிறத்தில் தட்டையான புள்ளிகள் ஆறு அல்லது அதற்கு மேல் இருக்கும் பிள்ளை. பருவம் அடையுமுன் ஒவ்வொன்றும் 5 மி.மீ.க்கு மேல், பிறகு 15 மி.மீ.க்கு மேல். அக்குளில் பொட்டுப் பொட்டாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அந்தப் பிள்ளைக்கு முதுகு கோணுகிறதா, கீழ்க்கால் முன்பக்கம் வளைகிறதா என்று பார்க்க வேண்டும். வளைந்த அந்த எலும்பு முறிந்தால் லேசில் ஒட்டாது. கண் பரிசோதனையும் தேவை.

தோல் கிளினிக் எழுதியது:

தாளின் முதல் பக்கம் ஹான்சனுக்குத்தான். நோர்வேயின் பேர்கனில் அர்மவர் ஹான்சன் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். நோய் வெளிப்படச் சராசரி ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடமும் ஆகும்.

தழும்பில், அதாவது நிறம் மாறிய தோல் திட்டில், உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் பிழை அதிகம். நூல் போல முறுக்கிய பஞ்சு எடுங்கள். முதலில் கண்ணைத் திறந்தபடி நல்ல தோலில் தொட்டுக் காட்டுங்கள், தொட்ட இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி நல்ல தோலில் ஒன்று, தழும்பின் நடுவில் ஒன்று என்று மாறி மாறித் தொடுங்கள். இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. இழுத்தால் ஓரத்தில் உள்ள நல்ல தோல் உணர்ந்துவிடும். "தெரியுதா, தெரியுதா" என்று கேட்கவும் கூடாது, பயத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார்கள். முகத்தில் நரம்பு அதிகம் என்பதால் அங்கே உணர்ச்சி இருப்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

தேமல் என்றால் நெஞ்சு, தோள், முதுகில் நிறைய இருக்கும், நகத்தால் சுரண்டினால் மா போல உதிரும், உணர்ச்சி இருக்கும். வெண்குட்டம் பால் வெள்ளையாக இருக்கும், அங்கும் உணர்ச்சி இருக்கும். ஹான்சன் தழும்பு முழு வெள்ளையாகாது. மங்கல் அல்லது செம்பு நிறம், வியர்க்காது, மயிர் குறையும். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பும் முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே இருக்கும் நரம்பும் தடித்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் ஒப்பிட்டுத் தடவிப் பாருங்கள். தழும்பு ஐந்து வரை என்றால் ஆறு மாத மருந்து, அதற்கு மேல் என்றால் பன்னிரண்டு மாதம்.

மருந்துக் கட்டர் எழுதியது:

அளவுகளைச் சேர்க்கிறேன், வளர்ந்தவர்களுக்கு. பக்கெட்டில் 28 நாள் மருந்து. முதல் நாள் கண்முன்னே விழுங்க வேண்டியது ரிபாம்பிசின் 600 மி.கி., குளோபசிமின் 300 மி.கி., டாப்சோன் 100 மி.கி. மற்ற நாட்களில் குளோபசிமின் 50, டாப்சோன் 100. தழும்பு குறைந்தவர்களுக்கும் மூன்று மருந்தையே கொடுக்க உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது.

இடையில் நிறுத்த வைப்பவை இவை. முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். சொல்லாமல் அனுப்பினால் இரத்தம் என்று நினைத்து பக்கெட்டையே எறிந்துவிடுவார்கள். குளோபசிமின் தோலைக் கறுக்க வைக்கும், அயல் வீட்டார் கண்ணில் படும், முடிந்தபின் பல மாதத்தில் குறையும். டாப்சோன் இரத்தச் சோகையைக் கூட்டும், ஆகவே கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தொடங்கும் முன் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். தொடங்கிய முதல் சில வாரத்தில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கண் மஞ்சள் என்று வந்தால் டாப்சோனை நிறுத்தி அன்றே வைத்தியசாலைக்கு.

மருந்தின் நடுவில் தழும்பு திடீரென்று சிவந்து வீங்கினால், நரம்பு வலித்தால், அது மருந்து ஒத்துக்கொள்ளாதது அல்ல, கிருமிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பால் வரும் ரியெக்‌ஷன். பிரட்னிசொலோன் (ஸ்டீரொயிட்) வேண்டும், மருந்துப் பக்கெட் தொடர வேண்டும். இதைத் தாமதித்தால்தான் கை மடங்கிப் போவது.

ஊவாக்காற்று எழுதியது:

> தாளின் முதல் பக்கம் ஹான்சனுக்குத்தான்

சம்மதம், ஆனால் தலைப்பில் "ஹான்சன் நோய்" என்று மட்டும் போட்டால் யாருக்கும் விளங்காது. லயத்தில் அடுத்த காம்பராவில் இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும். எதற்கு என்று தெரியாமல் யார் வருவார்கள்? தொழுநோய் என்றே எழுதுங்கள், பக்கத்திலேயே "மருந்து இலவசம், குணமாகும்" என்றும் எழுதுங்கள். பெயரை மறைத்து ஒளித்தால் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று நாமே சொல்லிக் கொடுப்பதாகிவிடும்.

நானுஓயா எழுதியது:

நான் மாறாக நினைக்கிறேன் அண்ணே. கிளினிக் துண்டை கணக்கப்பிள்ளை பார்ப்பார், கங்காணி பார்ப்பார். துண்டில் ஹான்சன் இருக்கட்டும், தாளில் இரண்டும் இருக்கட்டும். மற்றபடி ஹான்சனைப் புனிதராக்கவும் வேண்டாம். ஒரு பெண்ணின் கண்ணில் அவளிடம் கேட்காமலே நோய்ப் பொருளை ஏற்றியதற்காக 1880இல் நீதிமன்றம் அவரை வைத்தியசாலைப் பதவியில் இருந்து நீக்கியது.

தோல் கிளினிக் எழுதியது:

இரண்டும் இருக்கட்டும். இன்னொரு வரியும்: விரல்கள் "அழுகி விழுவது" இல்லை. உணர்ச்சி இல்லாத கை சூடான கேத்தலைப் பிடிக்கிறது, கவ்வாத்துக் கத்தி வெட்டுகிறது, புண்ணில் கிருமி ஏறி எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஆகவே பாத்திரத்துக்குப் பிடிதுணி, தினமும் கையும் காலும் 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து ஈரம் போகுமுன் எண்ணெய் பூசுதல். இதற்கு எந்த கிளினிக்கும் தேவையில்லை.

எக்ஸ்ரே அறை எழுதியது:

போட். லண்டனில் பேர்சிவல் போட் 1779இல் எழுதினார், கொக் காசநோய்க் கிருமியைக் கண்டது 1882இல்தான். முள்ளந்தண்டுக் காசநோய். நம் பக்கம் தாமதம் ஆவதற்குக் காரணம் கூடை: பறிக்கும் பெண்ணுக்கு முதுகு வலி என்றால் கூடைக் கயிறும் ஏற்றமும்தான் காரணம் என்று பாம் பூசி அனுப்புவார்கள். சுமை வலி படுத்தால் குறையும். இந்த வலி இரவில் எழுப்பும், மாதக்கணக்கில் போகும், பின்னேரத்தில் மெல்லிய காய்ச்சல், உடம்பு இளைப்பு. முள்ளந்தண்டை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினால் ஓரிடத்தில் துள்ளுவார்.

எக்ஸ்ரே ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாது, எலும்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் தெரியும். "படம் சரியாக இருக்கிறது" என்பதால் விட்டுவிடாதீர்கள். தெரியும்போது அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்பும் நடுவில் உள்ள வட்டும் சேர்ந்து போயிருக்கும். புற்றுநோய் பரவியதில் வட்டு பெரும்பாலும் தப்பியிருக்கும். கால் மரத்தால், நடை தளர்ந்தால், சிறுநீர் அடைத்தால் அன்றே அனுப்ப வேண்டும்.

மருந்துக் கட்டர் எழுதியது:

அதோடு "குளிர்ந்த கட்டி". முதுகில் உண்டாகும் சீழ் தசை வழியே இறங்கி இடுப்பு மடிப்பில் வீங்கும், சூடும் இல்லை சிவப்பும் இல்லை. சிலந்திக் கட்டி என்று நினைத்துக் கீறினால் வாய் மூடாது, வெளிக் கிருமியும் உள்ளே போகும். சூடில்லாத கட்டியில் கத்தி வைக்க வேண்டாம். சிகிச்சை 9 முதல் 12 மாதம், முதல் இரண்டு மாதம் நாலு மருந்து. இரண்டு மாதத்தில் வலி போய்விடும், அங்கேதான் நிறுத்திவிடுவார்கள்.

கட்டுத்துணி எழுதியது:

கோலிஸ் நோய் இல்லை, முறிவு, ஆனாலும் வெட்டாதீர்கள். மழைக்கால மலையில் வழுக்கி கையை ஊன்றி விழும் ஐம்பது தாண்டிய பெண்களுக்கு வருவது. டப்ளினில் ஏப்ரகாம் கோலிஸ் 1814இல், எக்ஸ்ரேக்கு எண்பது வருடம் முன்பே, தொட்டுப் பார்த்தே எழுதினார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து கை பின்பக்கம் தள்ளியிருக்கும்.

டிஸ்பென்சரியில் செய்ய வேண்டிய முதல் வேலை வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றுவது. அரை மணியில் வீங்கிவிடும், பிறகு வெட்டத்தான் வேண்டும். பிறகு மட்டையில் வைத்துக் கட்டி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி அனுப்புங்கள்.

வைத்தியசாலையில் முதலில் அரைப் பிளாஸ்டர்: 8 முதல் 10 மடிப்பு, உள்ளே பஞ்சு. அறை வெப்பத் தண்ணீர் போதும், சுடுதண்ணீரில் நனைத்தால் சீக்கிரம் இறுகி தோலைச் சுடும். உள்ளங்கையில் விரல் மடியும் ரேகையோடு பிளாஸ்டர் நிற்க வேண்டும், தாண்டினால் விரல் மடங்காது. ஒரு வாரத்தில் திரும்ப எக்ஸ்ரே, ஏனென்றால் சரிசெய்த எலும்பு வழுக்குவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். ஐந்து, ஆறு வாரத்தில் கழற்றலாம். முதல் நாளிலிருந்தே விரல், முழங்கை, தோள் மூன்றையும் அசைக்க வேண்டும். கையைத் தூளியில் போட்டுச் சும்மா இருந்தால் மணிக்கட்டு குணமாகும்போது தோள் இறுகியிருக்கும். கை வீங்கி, பளபளத்து, தொட்டாலே எரிந்தால் அது ஸூடெக் 1900இல் எழுதிய நோய். அதைச் சீக்கிரம் பிடிக்க வேண்டும். பல வாரம் கழித்துப் பெருவிரல் திடீரென்று நிமிராமல் போனால் தசைநார் அறுந்துவிட்டது.

பட்டியலில் இல்லாத ஒன்று: வோல்க்மன், 1881. கொய்யா மரத்தில் இருந்து விழுந்து முழங்கைக்கு மேலே முறித்துக்கொள்ளும் பிள்ளை. முறிவு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினாலும், வைத்தியசாலைப் பிளாஸ்டர் இறுகினாலும் முடிவு ஒன்றுதான்: தசைக்கு இரத்தம் போகாமல் செத்து, கை கோழிக்கால் போல மடங்கும். அடையாளம் முறிவுக்கு மிஞ்சிய வலி, பிள்ளையின் விரலை நாம் மெல்ல நிமிர்த்தினால் அலறுவது. நாடி துடிக்கிறது என்று சமாதானமாகாதீர்கள், நாடி கடைசியில்தான் போகும். போட்ட கட்டு முழுவதையும், பஞ்சோடு சேர்த்து, தோல் தெரியும்வரை வெட்டித் திறங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் கை போய்விடும். ஆறு மணி நேரம்தான் கணக்கு.

கொழுந்துமலை எழுதியது:

வோல்க்மன் சேர்ந்துவிட்டது. டி கெர்வான் எந்த அளவுக்குத் தேவை, அக்கா? பெருவிரல் பக்கத்து மணிக்கட்டு வலி என்றே பாதிப் பேர் வருகிறார்கள்.

கட்டுத்துணி எழுதியது:

தேவைதான் தம்பி. சுவிஸ் சத்திர சிகிச்சை நிபுணர், 1895. பெருவிரலுக்குப் போகும் இரண்டு நாண்கள் ஒரே உறைக்குள் ஓடுகின்றன, உறை தடிக்கும்போது உரசும். பெருவிரலும் சுட்டுவிரலும் நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளினால் வரும், கைப்பிள்ளைக்காரிகளுக்கும் வரும். பெருவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, கையைச் சின்னவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வேகமாகச் சாய்த்தால் நல்ல கைக்கும் வலிக்கும், ஆகவே மற்றக் கையோடு ஒப்பிடுங்கள். பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டி மூன்று முதல் ஆறு வாரம். வெறும் மணிக்கட்டுப் பட்டி பிரயோசனம் இல்லை.

குறையாவிட்டால் உறைக்குள் ஸ்டீரொயிட் ஊசி, நன்றாகக் கேட்கும். ஆனால் தோலுக்கு அடியில் கசிந்தால் அந்த இடம் சில வாரத்தில் வெளுக்கும், குழியும். கறுத்த கையில் பளிச்சென்று தெரியும். முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

தோல் கிளினிக் எழுதியது:

அந்த வெள்ளையைப் பார்த்துத் தொழுநோய் என்று பயந்து வருவார்கள். ஊசி போட்ட இடமா என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும், பஞ்சு மீதியைச் சொல்லும்.

விடுபட்டது லீஷ்மனியாசிஸ். 1903இல் லீஷ்மன் இங்கிலாந்தில், டொனோவன் மதராஸ் பொது வைத்தியசாலையில், தனித்தனியே கண்ட கிருமி. இருவர் பெயரையும் சேர்த்து வைத்தவர் ரொனால்ட் ரொஸ். இந்தியாவில் மண்ணீரலைத் தாக்கிக் கருங்காய்ச்சல் உண்டாக்கும் அதே இனம் இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. 2008இலிருந்து அறிவிக்க வேண்டிய நோய்.

குளிர்ந்த மலையில் பிடிப்பது குறைவு. அனுராதபுரம், பொலன்னறுவை, ஹம்பாந்தோட்டைப் பக்கம் கட்டட வேலைக்கோ அறுவடைக்கோ போய் வந்தவர்களிடம் பாருங்கள். மணல் ஈ கடித்த இடத்தில், முகம், கை போன்ற திறந்த தோலில், சிறு பரு. வலிக்காது, அரிக்காது, மாதக்கணக்கில் மெல்லப் பெருத்து நடுவில் குழிந்து பொருக்கு கட்டும். வலிக்காத புண் இரண்டு கோர்ஸ் அன்டிபயோடிக்குக்கு ஆறவில்லை என்றால் கடந்த ஒரு வருடத்தில் எங்கே வேலை செய்தார் என்று கேளுங்கள். மாதிரி எடுப்பது புண்ணின் ஓரத்தில் இருந்து. சிகிச்சை புண்ணுக்குள்ளேயே அன்டிமனி ஊசி, அல்லது திரவ நைட்ரஜனால் உறைய வைத்தல்.

ஊவாக்காற்று எழுதியது:

அப்படியென்றால் கஸ்தெல்லானியையும் சேருங்கள், அவர் இந்த நாட்டோடு சேர்ந்த பெயர். 1903 முதல் 1915 வரை கொழும்பில் இருந்த இத்தாலிய வைத்தியர். பறங்கிப் புண்ணின் கிருமியை 1905இல் இங்கேதான் கண்டார். தோலில் தொடங்கி எலும்பில் முடியும் நோய் அது, கீழ்க்கால் எலும்பு வாள் போல வளையும். பென்சிலின் வந்தபிறகு இங்கே இல்லாமல் போனது.

அவர் பெயரில் இன்றும் இருப்பது ஊதாச் சிவப்புப் பூச்சு மருந்து. மழைக்காலத்தில் கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு. பூசும் முன் இடுக்கைக் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும், ஈரத்தில் பூசினால் வழிந்து ஓடும். துணியில் பட்டால் போகாது. அதில் பீனோலும் போரிக் அமிலமும் இருப்பதால் கைக்குழந்தைகளுக்கும் அகலமான புண்ணுக்கும் பூசக்கூடாது, தோல் வழியே உள்ளே ஏறும்.

எக்ஸ்ரே அறை எழுதியது:

கஸ்தெல்லானி கால் பக்கத்துக்கு மேல் வேண்டாம். அந்த இடத்தை ஷார்கோவுக்குக் கொடுங்கள். பாரிஸில் 1868இல் எழுதியபோது சிபிலிஸ்காரர்களின் மூட்டு, இப்போது நீரிழிவுக்காரர்களின் பாதம். ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கும். அந்த அளவுக்கு வலி இருக்காது, நடந்தே வருவார். கிருமி ஏறியது என்று அன்டிபயோடிக் கொடுப்பார்கள், அவர் நடந்துகொண்டே இருப்பார், உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாதம் தொட்டில் போல ஆகும்.

பிரித்தறிய ஒரு வழி: படுக்க வைத்துக் காலை ஐந்து, பத்து நிமிடம் உயர்த்துங்கள். சிவப்பு வடிந்தால் ஷார்கோவாக இருக்கலாம், கிருமி என்றால் அப்படியே இருக்கும். இரண்டு பாதத்துக்கும் வெப்பத்தில் 2 பாகை வித்தியாசம் இருந்தால் சந்தேகம் பலம். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப எடுக்க வேண்டும். அதுவரை பாதத்தை ஊன்றக்கூடாது.

கட்டுத்துணி எழுதியது:

அதற்குப் போடும் முழுத்தொடுகைப் பிளாஸ்டரை முதல் வாரத்திலேயே மாற்ற வேண்டும். வீக்கம் வடிந்து கட்டு தளரும், உள்ளே கால் ஆடி உரசிப் புண்ணாகும், அவருக்கு அது தெரியாது. பிறகும் வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சூடு இரண்டு பாதத்திலும் ஒன்றாகும்வரை, மாதக்கணக்கில்.

பெர்த்தஸ், பிள்ளைகளுக்கு வரும் இடுப்பு மூட்டு நோய், ஒரு வரி: நாலு முதல் எட்டு வயதுப் பையன், நொண்டுகிறான், முழங்கால் வலி என்கிறான், முழங்காலில் ஒன்றும் இல்லை. இடுப்பை எக்ஸ்ரே எடுங்கள்.

கொழுந்துமலை எழுதியது:

மார்ஜொலான் மட்டும் மிச்சம், பழைய தழும்பில் வரும் புற்று. குப்பி விளக்கு, மண்ணெண்ணெய் அடுப்புத் தீக்காயத் தழும்புகள் நிறையப் பேரிடம் இருக்கின்றன. எல்லாரையும் அனுப்ப முடியாது. எந்தத் தழும்பை அனுப்புவது?

தோல் கிளினிக் எழுதியது:

பழைய தழும்பில், குறிப்பாக மூட்டு மடிப்பில் இழுபட்டு வெடிக்கும் தழும்பில், புதிதாகப் புண் வந்து மூன்று மாதமாகியும் ஆறாவிட்டால் அனுப்புங்கள். ஓரம் மேலே தடித்து உருண்டால், நாற்றம் வந்தால், தொட்டதும் இரத்தம் கசிந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். பல வருடம் ஆறாத தொழுநோய்ப் பாதப் புண்ணுக்கும் இதே விதி. புற்றாக மாறத் தீக்காயத்துக்குப் பின் பொதுவாகப் பல பத்தாண்டுகள் ஆகும், ஆகவே "சின்ன வயசுக் காயம்தானே" என்பது ஆறுதல் இல்லை. பரிசோதனைக்குத் தோல் துண்டு எடுப்பவர்களுக்கு: ஓரத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் எடுங்கள். நடுவில் எடுத்தால் செத்த சதைதான் வரும், ரிப்போர்ட்டும் ஒன்றும் இல்லை என்று வரும்.